நிமிஷத்துக்கு நாலு

காவ்லியா: கையை எடு.

நெங்: அரிக்குது புள்ள.

காவ்லியா: அரிச்சா அரிக்கட்டும். ஏற்கனவே பட்டையில ஒரு ஓரத்தைக் கிளப்பி வச்சிருக்கே... கையை எடு அண்ணே!

நெங்: வந்ததும் வராததுமா அதட்டுறா பாரு. அண்ணன் தொடை எலும்பு ஒடஞ்சு கெடக்கான், கால் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா?

காவ்லியா: கால் எப்படி இருக்கு?

நெங்: கேக்கச் சொன்னப்புறம் கேக்குறே.

காவ்லியா: உள்ள கம்பி விட்டு முடுக்கியாச்சு, இனிமே அந்தத் தொடை உன் தலையைவிட உறுதியா இருக்கும்னு செவ்வாய்க்கிழமையே டாக்டர் சொல்லிட்டார். கொஞ்சம் நகரு, தலையணையைச் சரி பண்றேன்.

நெங்: ஸ்ஸ்... மெதுவா!

காவ்லியா: மெதுவாத்தான் பண்றேன். இருபத்தாறு வருஷமா பனி தள்ளுற லாரி ஓட்டுறவன், லாரியை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தான்னு செயின்ட் பால் ஊரு பூராவும் சிரிக்குது.

நெங்: நான் தள்ளின தெருவுல விழல, தெரிஞ்சுக்கோ. டிப்போ வாசல்ல விழுந்தேன். அது என் பொறுப்பு இல்ல... யாரு சிரிச்சா?

காவ்லியா: அண்ணிதான் மொதல்ல.

நெங்: அவளா!

காவ்லியா: அழுது முடிச்சப்புறம்தான் சிரிச்சாங்க. சாயந்திரம் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வர்றேன்னாங்க. அதுவரைக்கும் காவல் நான். லீவு போட்டுட்டு வந்திருக்கேன்.

நெங்: பையில என்ன?

காவ்லியா: கோழி. பச்சிலை போட்டு வேகவச்சது. நேத்தே கொண்டாந்திருப்பேன், ஷிஃப்ட் முடிய மணி நாலாயிடுச்சு.

நெங்: மிளகாய் இடிச்சது?

காவ்லியா: ஆஸ்பத்திரியில மிளகாயா?

நெங்: மிளகாய் இல்லாம எதுக்கு மனுஷன் பொழைக்கணும்? இவங்க மூணு வேளையும் ஆடுற ஜெல்லி ஒண்ணு குடுக்குறாங்க. நான் அதைப் பாக்குறேன், அது என்னைப் பாத்து ஆடுது.

காவ்லியா: சின்ன டப்பாவுல இருக்கு. நர்ஸ் போனப்புறம் தர்றேன்... மணிக்கட்டு நூலை அவுத்துட்டாங்களா? உன் உயிரு எங்கேயும் போகக் கூடாதுன்னு மாமா கட்டினது அது.

நெங்: இல்ல, இல்ல. சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மேல டேப்பைச் சுத்திட்டாங்க. உள்ள அப்படியே இருக்கு, பாரு.

காவ்லியா: நல்லவேளை... ஏய், மறுபடியும் கை அங்க போவுது!

நெங்: நெஞ்சுல ஒரு பிளாஸ்திரியை ஒட்டிட்டுப் போயிட்டாங்க. சொறியவும் கூடாதுன்னா எப்படி?

காவ்லியா: அது பிளாஸ்திரி இல்ல.

நெங்: ஒட்டுறது, பிய்க்கிறது. பிளாஸ்திரிதான். பத்தொன்பது வருஷமா என் தங்கச்சி அதைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கா, எனக்குத் தெரியாதா?

காவ்லியா: ஆரம்பிச்சுட்டியா?

நெங்: என்ன ஆரம்பிச்சேன்? பிளாஸ்திரி ஒட்டுறதும் வேலைதானே...

காவ்லியா: நான் ஒட்டுறதில்ல. மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு, தலைமுடியைவிட மெல்லிசான கம்பியைப் பட்டையில உருக்கிப் பத்த வைக்கிறேன். ஒரு பட்டைக்கு நாலு எடம். கை லேசா நடுங்கினாலும் போச்சு. நீ மூச்சு இழுத்தா நெஞ்சு விரியுது, தோல் இழுபடுது, தோலோட சேந்து அந்தக் கம்பியும் இழுபடுது. அதை வச்சுத்தான் அது எண்ணுது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

நெங்: ஒரு நூறு தடவை.

காவ்லியா: கேட்டியா?

நெங்: நாலு தடவை கேட்டிருப்பேன்.

மார்னி: உள்ள வரலாமா? சத்தம் வராந்தா வரைக்கும் கேக்குது. நெங், இன்னிக்கு உங்க மூச்சுக்கு ஒரு குறையும் இல்லன்னு தெரியுது.

நெங்: வாங்க மார்னி. காப்பாத்துங்க.

மார்னி: நான் மார்னி. பகல் ஷிஃப்ட் நர்ஸ். நீங்க...?

காவ்லியா: தங்கச்சி.

மார்னி: ஓ... தங்கச்சி!

நெங்: ம்... தங்கச்சிதான். வேற ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்.

மார்னி: சரி சரி, அவ்வளவுதான். பட்டையை மாத்தணும், ரெண்டு நாள் ஆச்சு. சட்டையை மேல தூக்குங்க. அட, ஓரத்தை யாரு கிளப்பினது?

காவ்லியா: கேளுங்க. நல்லாக் கேளுங்க.

நெங்: தானா கிளம்பிடுச்சு.

காவ்லியா: தானா கிளம்பாது. அந்தப் பசை குளிச்சாக்கூடக் கிளம்பாது.

மார்னி: இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? மூச்சை எண்ணுற சென்சார். இவர் எவ்வளவு தடவை மூச்சு விடுறார்ன்னு நொடிக்கு நொடி என் இடுப்புல இருக்குற போனுக்கு வந்துக்கிட்டே இருக்கும்.

காவ்லியா: அப்படியா?

மார்னி: ஆமா. விரல்ல மாட்டுற கிளிப் இருக்கே, அது ரத்தத்துல ஆக்சிஜன் கொறைஞ்சப்புறம்தான் கத்தும். இது அதுக்கு முன்னாடியே, மூச்சு கொறையும்போதே கத்தும்.

காவ்லியா: ம்... நல்லா இருக்கே.

நெங்: ரெண்டு பேரும் பேசுறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சா தொடை வலிக்குது.

மார்னி: நீங்க அசையாம இருங்க. துடைச்சாச்சு... ஒட்டிட்டேன்.

காவ்லியா: ஒரு நிமிஷம். உள்ளங்கையை மேல வச்சு முப்பது எண்ணுங்க.

மார்னி: முப்பதா?

காவ்லியா: கைச்சூடு பட்டாத்தான் பசை பிடிக்கும். விரலால அமுக்கினா நடுவுல பிடிக்கும், ஓரம் நிக்காது. அட்டையில பத்துன்னு போட்டிருக்கும். அதை நம்பாதீங்க. முப்பது.

மார்னி: தங்கச்சி நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே!

காவ்லியா: எங்கேயோ... படிச்சேன்.

நெங்: படிப்பாளி அவ.

மார்னி: இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. போன் என்ன சொல்லுது... பதினாலு. அழகு! இந்தப் பதினாலைப் பாக்க எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா நெங்? நேத்து நாலைப் பாத்த கண்ணுக்கு...

நெங்: க்ஹும்!

காவ்லியா: நாலா?

நெங்: நாலு மணின்னு சொல்றாங்க. நாலு மணிக்கு என்னைப் பாத்தாங்க.

காவ்லியா: நீ வாயை மூடு. மார்னி, எது நாலு?

மார்னி: நெங்... என்னை மன்னிச்சுடுங்க.

நெங்: சத்தியம் பண்ணினீங்களே!

மார்னி: பண்ணினேன். வாய் நிக்கல.

காவ்லியா: நிமிஷத்துக்கு நாலா?

மார்னி: ...ஆமா.

காவ்லியா: எப்போ?

மார்னி: நேத்து மத்தியானம். ரெண்டு மணி பத்து நிமிஷம்.

காவ்லியா: அண்ணே...

நெங்: இப்ப நல்லாத்தானே இருக்கேன். பதினாலு. இப்பதானே சொன்னாங்க?

காவ்லியா: உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன். மார்னி, நீங்க சொல்லுங்க. ஒண்ணையும் விடாம சொல்லுங்க.

நெங்: வேணாம்...

மார்னி: நீங்க ஒத்துக்கிட்டாத்தான் நெங் சொல்ல முடியும். உங்க உடம்பு விஷயம்.

நெங்: இனிமே ஒத்துக்காம என்ன? பாதி சொல்லி விட்டா அவ என்னைத் தூங்க விடமாட்டா. சொல்லுங்க.

மார்னி: நேத்துக் காலையில இவரை நடக்க வச்சாங்க. வலி அதிகமாயிடுச்சு. ஆனா வலிக்குதான்னு கேட்டா, இல்லன்னு சிரிக்கிறார்.

காவ்லியா: அது அவன் பொறந்ததுல இருந்தே அப்படித்தான்.

மார்னி: மத்தியானம் வரைக்கும் அடக்கி வச்சுட்டு, அப்புறம் தாங்க முடியாம, அமுக்கினா வலி மருந்து ஏறுற பட்டனை விடாம அமுக்கியிருக்கார். அளவுக்கு மேல அது குடுக்காது. இருந்தாலும் ஏற்கனவே குடுத்திருந்த மாத்திரை உள்ள இருக்கு, கூடவே பெரிய குறட்டைக்காரர். எல்லாம் ஒண்ணா சேந்துடுச்சு. நான் வராந்தாவோட அந்தக் கோடியில ஒருத்தருக்கு உடம்பு துடைச்சு விட்டுக்கிட்டிருந்தேன். இடுப்புல போன் கத்துச்சு. எட்டுன்னு காட்டுச்சு. கையைக்கூடத் துடைக்காம ஓடினேன். கதவுக்கிட்ட வரும்போது ஆறு. கட்டிலுக்கிட்ட வரும்போது நாலு.

காவ்லியா: விரல்ல?

மார்னி: அதைக் கேளுங்க. விரல்ல தொண்ணூத்தஞ்சு! மூக்குல ஆக்சிஜன் குழாய் இருந்துச்சு இல்லையா, அதனால கிளிப் அமைதியா இருந்துச்சு. பாத்தா சுகமாத் தூங்குற ஆளு. குறட்டை மட்டும் நின்னு போயிருந்துச்சு. பேரைச் சொல்லிக் கத்தினேன், அசையல. கையை மடக்கி விரல் முட்டியால நெஞ்செலும்புல தேச்சேன், அசையல. அதுக்குள்ள மத்தவங்களும் வந்துட்டாங்க. மருந்தை முறிக்கிற ஊசியைப் போட்டோம். ஒண்ணரை நிமிஷம். எனக்கு ஒண்ணரை வருஷம்.

காவ்லியா: அப்புறம்?

மார்னி: கண்ணைத் திறந்தார். திறந்து என்னைப் பாத்து, ‘என் லாரியை யாரு எடுத்துட்டுப் போனது?’ன்னார்.

நெங்: அது பயப்பட வேண்டிய விஷயம்தானே. அந்த லாரியில கிளட்ச் கொஞ்சம்... ஏ புள்ள... அழுவாதே.

காவ்லியா: அழல. ரெண்டு மணி பத்துக்கு நான் கம்பெனியில லைன்ல உக்காந்திருந்தேன் அண்ணே. பக்கத்துல வேலை பாக்குற யேர் என்னமோ சொன்னா, சிரிச்சுக்கிட்டிருந்தேன். இங்க நீ... நிமிஷத்துக்கு நாலு...

நெங்: நீ அங்க உக்காந்திருந்ததுனாலதான் நான் இங்க...

காவ்லியா: என்ன?

நெங்: ஒண்ணுமில்ல. தண்ணி குடு.

காவ்லியா: மார்னி, பிய்ச்ச பட்டை எங்க? குப்பையில போட்டுடாதீங்க. அடியில ஒரு எண்ணு இருக்கும், பாத்துச் சொல்லுங்க.

மார்னி: இதோ. ரொம்பப் பொடி எழுத்து... ஒண்ணு ரெண்டு, பூஜ்யம் ஒன்பது. அப்புறம் ஒரு ‘கே’, ஒரு ‘எம்’.

காவ்லியா: டிசம்பர் ஒன்பது.

மார்னி: கே.எம்.னா?

காவ்லியா: அந்த லாட்டை, அதாவது ஒரே தடவையில செஞ்ச மொத்தத்தையும், பாத்துக் கையெழுத்துப் போட்டவங்க பேரோட மொதல் எழுத்து. டிசம்பர்னா சரி. டிசம்பர்னா நல்லது.

மார்னி: ஏன், அதுக்கு முன்னாடி செஞ்சது நல்லது இல்லையா?

காவ்லியா: ...அப்படிச் சொல்லல.

மார்னி: ஏன் கேக்குறேன்னா, நவம்பர்ல மூணு வாரம் எங்களுக்கு இது வரவே இல்ல. அலமாரி காலி. நாங்க எல்லாரும் கம்பெனியைத் திட்டாத திட்டு இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சது, அங்க வேலை பாக்குற ஒரு பொம்பளை ‘இது சரியில்ல’ன்னு லைனையே நிறுத்திட்டாளாம். பெரியவங்க எல்லாம் சரின்னு சொன்னப்புறமும்.

நெங்: அடேயப்பா! யாரு அந்த மகராசி?

மார்னி: பேரு தெரியாது. ஆனா நேத்து ரெண்டு பத்துக்கு அப்புறம், ரூமுக்கு வெளிய போயி சுவத்துல சாஞ்சு நின்னேன் பாருங்க, அப்ப அவளைத்தான் நெனச்சேன். என்னிக்காவது நேர்ல பாத்தா கையைப் புடிச்சு நன்றி சொல்லணும்னு... எங்க, கையைக் குடுங்க.

காவ்லியா: எனக்கு எதுக்கு?

மார்னி: சும்மா. முப்பது எண்ணச் சொல்லிக் குடுத்ததுக்கு. நான் ஒரு ஃபாரம் எடுத்துட்டு வர்றேன். நேத்து நடந்ததை எழுதிக் குடுக்கணும். நெங், பட்டையைத் தொடாதீங்க. மிளகாய் வாசனை எனக்கு வரல, நான் எதையும் பாக்கல.

நெங்: நல்ல பொம்பளை. வாய்தான் ஓட்டை.

காவ்லியா: ஏன் மறைச்சே?

நெங்: சொன்னா உன் அண்ணி மயங்கி விழுவா. அவளுக்கும் ஒரு கட்டில் போடணும்.

காவ்லியா: எங்கிட்ட ஏன் மறைச்சே?

நெங்: நீ இப்படித்தான் மூஞ்சியை வச்சுக்குவேன்னுதான்... சரி, நீ மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டியாக்கும்?

காவ்லியா: நான் என்ன மறைச்சேன்?

நெங்: கே.எம். யாரு? காவ்லியா மூவா. எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும் புள்ள. லாரியில போர்டு பாத்துத்தான் ஓட்டுறேன்.

காவ்லியா: சரி. நான்தான். போதுமா?

நெங்: கையெழுத்துப் போடுற அளவுக்கு ஆயிட்டியா?

காவ்லியா: டிசம்பர்ல இருந்து. அதுக்கு முன்னாடி... அண்ணே, நவம்பர்ல ரெண்டு வாரம் லீவுன்னு சொல்லிட்டு உன்கூட மான் வேட்டைக்கு வந்தேன்ல?

நெங்: ஆமா. வந்து மானை எல்லாம் பேசியே விரட்டினே.

காவ்லியா: அது லீவு இல்ல. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

நெங்: என்னது!

காவ்லியா: அந்த லைனை நிறுத்தினது நான்தான்.

நெங்: ஐயையோ! நீயா?

காவ்லியா: ஏன் இப்படிக் கத்துறே, கூத்து பாக்குற மாதிரி... ஒரு லாட் வந்துச்சு. மெஷின்ல வளைச்சுப் பாத்து எல்லாம் சரின்னுட்டாங்க. எனக்கு மட்டும் அந்தப் பத்த வச்ச எடம் பிடிக்கல. மினுமினுன்னு இருக்கணும், அது சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல அம்பது எடுத்து வச்சுக்கிட்டு, அஞ்சஞ்சா சேத்துக் கையாலயே வளைச்சேன். முன்னூறு தடவை, நானூறு தடவை... மூணு பட்டையில கம்பி விட்டுப்போச்சு. விட்டா அது கத்தாது அண்ணே. கத்தினாத்தான் பரவால்லையே! கடைசியா எண்ணின எண்ணையே காட்டிக்கிட்டு நிக்கும். உள்ள ஆளு நாலுக்குப் போயிருப்பான், அது பதினாலு பதினாலுன்னு... சூப்பர்வைசர்கிட்ட போனேன். பத்து தடவை வளைச்சாப் போதும்னு விதி இருக்குன்னார். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை மூச்சு விடுறான், பத்து எப்படிப் போதும்னு கேட்டேன். போயி உக்காருன்னார். உக்காந்தேன். அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பேன். மேசை ஓரத்துல ஒரு செவப்புப் பட்டன் இருக்கு, யாரு வேணா அமுக்கலாம்னு எழுதிப் போட்டிருக்கும். ஒன்பது வருஷமா யாரும் அமுக்கினதில்ல. அமுக்கினேன்.

நெங்: அப்புறம்?

காவ்லியா: அந்தச் சத்தம் இருக்கே! பெல்ட் நின்னு போச்சு. அறுபது பேரு ஒரே நேரத்துல நிமிந்து என்னைப் பாத்தாங்க. யேர் மட்டும் ‘உக்காரு உக்காரு’ன்னு என் சட்டையைப் புடிச்சு இழுக்குறா. விசாரிக்கிற வரைக்கும் வீட்டுல இருன்னுட்டாங்க.

நெங்: விசாரிச்சாங்களா?

காவ்லியா: நூத்துக்கு ஏழு மோசம். பத்த வைக்கிற மெஷின்ல சூடு கம்மியா இருந்திருக்கு. மொத்தத்தையும் நொறுக்கிட்டு, திரும்பக் கூப்பிட்டாங்க.

நெங்: மன்னிப்பு கேட்டாங்களா?

காவ்லியா: ஒரு பெட்டி டோனட் வச்சாங்க.

நெங்: டோனட்!

காவ்லியா: அப்புறம் எல்லா லாட்டையும் இனிமே நான் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போகும்னுட்டாங்க. வளைக்கிறது பத்தாயிரம் தடவைன்னு மாத்திட்டாங்க.

நெங்: இதை ஏன் எங்கிட்ட சொல்லல?

காவ்லியா: நீ என்ன சொல்லியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? ‘வந்து சேந்த நாட்டுல தலையைக் குனிஞ்சு வேலை பாரு, நாலு பேரு பாக்குற மாதிரி நிக்காதே.’ நான் பள்ளிக்கூடம் போன நாள்ல இருந்து கேக்குறேன்.

நெங்: அப்ப காலம் அப்படி.

காவ்லியா: அதோட... உனக்கு என் வேலையைப் பத்திப் பேசினாலே புடிக்காது.

நெங்: யாரு சொன்னா?

காவ்லியா: நீ ரெண்டு வேலை பாத்து என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினே. பகல்ல லாரி, சாயந்திரத்துல கோழிக் கம்பெனி. நான் ரத்தத்தைப் பாத்து மயங்கி விழுந்து, ஒரு வருஷத்துல திரும்பி வந்துட்டேன். அன்னைக்கு நீ ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. அன்னையில இருந்து, சொந்தக்காரங்க யாராவது தங்கச்சி என்ன பண்றான்னு கேட்டா, ‘ஏதோ பிளாஸ்திரி கம்பெனி’ன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்துவே. நானும் பக்கத்துலதானே நிப்பேன்? பத்தொன்பது வருஷம் அண்ணே. உனக்கு என்னால வெட்கம்.

நெங்: வெட்கமா?

காவ்லியா: இல்லையா பின்ன?

நெங்: மார்னி! மார்னி எங்க? நேரத்துக்கு வரமாட்டாங்களே...

காவ்லியா: பேச்சை மாத்துறே பாத்தியா? இப்பவும்.

மார்னி: வந்துட்டேன். இதுல ஒரு கையெழுத்து வேணும் நெங். நேத்து அலாரம் அடிச்சது, என்ன பண்ணினோம், எல்லாம் எழுதியிருக்கேன். கம்பெனிக்கும் ஒரு பிரதி போகும்.

காவ்லியா: நான் பாக்கலாமா?

நெங்: நீ எதுக்கு? குடுங்க, நான் போடுறேன்...

மார்னி: நீங்க சரின்னா காட்டுறேன்.

நெங்: ...பாத்துத் தொலையட்டும்.

காவ்லியா: எட்டு, ஆறு, நாலு... சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இது என்ன? ‘பட்டை ஒட்டக் காரணம்.’ டாக்டர் சொன்னதுன்னு ஒரு கட்டம், நோயாளி கேட்டதுன்னு ஒரு கட்டம். நோயாளி கேட்டதுல டிக் பண்ணியிருக்கு. தப்பா இருக்கே?

மார்னி: தப்பு இல்ல.

காவ்லியா: எல்லாருக்கும் ஒட்டுறதுதானே?

மார்னி: இல்ல. இந்த வார்டுல கிளிப் எல்லாருக்கும் உண்டு. பட்டை, டாக்டர் சொன்னா ஒட்டுவோம், இல்ல நோயாளி கேட்டா ஒட்டுவோம். இவருக்குக் கிளிப் போதும்னுதான் டாக்டர் எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப, கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டு, அது இல்லாம வரமாட்டேன்னுட்டார்.

காவ்லியா: அண்ணே, நீயா கேட்டே?

நெங்: இலவசம்னு நெனச்சேன்.

காவ்லியா: நீயா கேட்டு வாங்கி ஒட்டிக்கிட்டே? பிளாஸ்திரின்னு சொல்லிச் சொல்லி...

நெங்: அலமாரியில சும்மாதானே கெடந்துச்சு...

மார்னி: அந்தக் கட்டத்துக்குக் கீழ ஒரு கோடு இருக்கு. நோயாளி சொன்ன காரணம்னு. செவ்வாய்க்கிழமை அவர் சொன்னதை, ஒரு வார்த்தை மாத்தாம எழுதி வச்சிருக்கேன். நான் வாயால சொன்னா இன்னொரு சத்தியமும் போயிடும். நீங்களே படிச்சா போகாது.

காவ்லியா: இன்னொரு சத்தியமா? அப்ப... நான் யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மார்னி?

மார்னி: இந்த மாடியில இருக்குற எல்லாருக்கும் தெரியும். தரையைத் துடைக்க வர்றவருக்குக்கூட.

காவ்லியா: அண்ணே... என்ன சொன்னே நீ?

நெங்: குடு அந்தத் தாளை. எழுதினதைப் படிக்க வேணாம், சொன்ன வாயே சொல்லட்டும். ‘எங்க ஊர்லயே செய்யிற மூச்சுப் பட்டை ஒண்ணு இருக்கு. சரியில்லேன்னு தெரிஞ்சு ஒரு கம்பெனியையே நிறுத்தினவ என் தங்கச்சி. வேலை போனாலும் போகட்டும்னு நிறுத்தினா. அவ பாத்துக் கையெழுத்துப் போட்டது இருந்தா ஒட்டுங்க, நான் பயமில்லாம தூங்குறேன்’னு சொன்னேன். தூங்கினேன்... கொஞ்சம் அதிகமாவே தூங்கிட்டேன். என்ன முழிக்கிறே? யேர் புருஷன் என் டிப்போவுலதானே லாரி ஓட்டுறான்? நீ அந்தப் பட்டனை அமுக்கிட்டு வீடு வந்து சேர்றதுக்கு முன்னாடியே எனக்கு போன் வந்துடுச்சு. நீயா சொல்லுவேன்னுதான் ரெண்டு வாரம் காடு காடாக் கூட்டிக்கிட்டு அலைஞ்சேன். நீ வாயே திறக்கல. நான் பிளாஸ்திரின்னு சொல்லிப் பேச்சை மாத்துனது, அந்தக் கம்பி எப்படிப் பத்த வைக்கிறதுன்னு கேட்டா எனக்குச் சரியாச் சொல்ல வராதேன்னுதான் புள்ள. ஆனா அந்த ரெண்டு வாரம், நீ துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டுப் பின்னால மெதுவா வருவியே... முன்னால போற மாமன், மச்சான், பெரியப்பன், வழியில பாத்த வெள்ளைக்காரன் வரைக்கும், ஒருத்தரை விடாம சொல்லிக்கிட்டேதான் போனேன். உங்கிட்ட மட்டும்தான் சொல்லல.